ஐந்து நிமிட நடை

இன்றும் அவன் வந்தான்.

ஹெலன் திரும்பிப் பார்க்கவில்லை. ஷூ சத்தமே போதும். அவள் வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக வந்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது.

காலை ஐந்தரை மணி. ஒரு பக்கம் ரயில்வே சுவர், மறு பக்கம் பூட்டிக் கிடக்கும் குடோன்கள். கத்தினால் கேட்க ஒரு நாய்கூட இல்லை.

போன மாதம் வரை இந்தச் சந்தே அவளுக்குத் தெரியாது. ஜீவனஹள்ளியில் பஸ் ஏறினால், அவள் சமையல் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வாசலிலேயே இறங்கிக்கொள்ளலாம். புது ரயில் பாதை வந்தது. இனி எல்லா பஸ்ஸும் ஸ்டேஷனோடு சரி, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஐந்து நிமிட நடைதான் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். எழுதின மகராசன் எந்த ஏ.சி. அறைக்குள் நடந்து பார்த்தானோ!

முதல் நாள், யாரோ போகிறார்கள் என்று விட்டுவிட்டாள். மூன்றாம் நாள் அவன் கையில் போன் இருப்பதை ஓரக்கண்ணால் பார்த்தாள். படம் எடுக்கிறானா? அன்றிலிருந்து சுவர் திரும்பும் இடம் வந்ததும் ஓட ஆரம்பித்தாள்.

கூட வேலை செய்யும் மமதாவிடம் மட்டும் சொன்னாள்.

"அய்யோ, போலீஸ்ல சொல்லுங்க அக்கா!"

"மூஞ்சியவே சரியா பாக்கல, என்னன்னு சொல்றது? வீட்ல அவருக்குத் தெரிஞ்சா, வேலையே வேணாம்னுடுவாரு. பதினோரு வருஷ வேலை மமதா."

இன்று பைக்குள் மிளகாய்ப் பொடிப் பொட்டலம் இருந்தது. அவசரத்தில் பிரித்தால் அது அவள் கண்ணிலேயே விழும்போல் இருந்தது.

சுவர் திருப்பம். ஓடினாள். ஷூவும் ஓடி வந்தது.

"மேடம்! ஸ்வல்ப நில்லி!" கொஞ்சம் நிற்கச் சொல்லிக் கன்னடத்தில் கத்தினான்.

"கிட்ட வராதே!" பொட்டலத்தைப் பிரித்தபடி திரும்பினாள்.

ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடி, கழுத்தில் அடையாள அட்டை, மூச்சிரைப்பு.

"தமிழா? பயப்படாதீங்கம்மா. நான் சந்திரசேகரன், பஸ் ஆபீஸ்ல ரூட் போடற செக்‌ஷன். உங்க நேர் பஸ்ஸை நிறுத்தினதே நான்தான்."

ஹெலன் பொட்டலத்தைத் தாழ்த்தினாள்.

"மேப்பைப் பாத்து அஞ்சு நிமிஷம்னு எழுதிட்டேன். அப்புறம் மனசு கேக்கல. பாசஞ்சர் நிஜமா எவ்ளோ நேரம் நடக்கறாங்கன்னு டைம் எடுக்கறேன். இந்த நேரத்துக்கு நீங்க ஒருத்தர்தான் வர்றீங்க. பதினாலு நிமிஷம் ஆகுது, அதுவும் பாதி தூரம் ஓடி!"

போனில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைக் காட்டினார்.

"பெண்கள் பயந்து ஓடும் வழின்னு ரிப்போர்ட் எழுதிட்டேன். இன்னிக்கு இது மேல போனா, திங்கட்கிழமையிலேர்ந்து பஸ் பழையபடி ஆஸ்பத்திரி வாசலுக்கே வரும்."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ரிப்போர்ட்ல ஒரே ஒரு கட்டம் நிரப்பப் பாக்கி. எதைப் பாத்தும்மா இப்படி பயந்து ஓடறீங்க?"

ஹெலன் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எட்டு நாளா ஒரு ஆளு என் பின்னாடியே வர்றான் சார்."

சந்திரசேகரன் பதறிப்போய், சந்தின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

"அப்படியாம்மா? எட்டு நாளா நானும் உங்க பின்னாடியேதானே வர்றேன், அப்படி ஒருத்தனையும் பாக்கலியே!"