நான்காவது சொல்

தொண்ணூற்று நான்கு வயது செங்கல்வராயனுக்கு ஞாபகப் பரிசோதனை செய்ய, கோவில்பதாகையில் அவர் வீட்டுக்கு நர்ஸ் ஷாகிதா வந்திருந்தாள். பெற்ற மகனின் பெயரே அவருக்கு மறந்துபோயிருந்தது.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூன்று சொற்களைச் சொன்னாள். ஐந்து நிமிடம் கழித்து அவற்றைத் திரும்பக் கேட்டாள்.

"மாம்பழம், சாவி, குடை, மைனா."

ஷாகிதாவின் பேனா நின்றது. அவளை மைனா என்று கூப்பிட்டது அம்மா மட்டும்தான். அம்மாவைப் பூந்தமல்லியில் அடக்கம் செய்து ஆறு வருடமாகிறது.

"தாத்தா, நான் மூணுதான் சொன்னேன்."

"நாலாவது, உன் பின்னால கீறவங்க சொன்னாங்க."

அவள் முதுகை ஒட்டிச் சுவர்தான் இருந்தது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. "இப்போ இன்னா சொல்றாங்க?"

அவர் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"இன்னிக்கு ஊட்டுக்குப் போவாதன்றாங்க."