சர்டிபைடு துக்கம்

மழுங்க மொட்டையடித்த தலையும் மீசையில்லாத முகமுமாகத் திருமலைசாமி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, மேலாளர் உதய் மேஜைக்கடியில் குனிந்து பேனா தேடிக்கொண்டிருந்தான். அவர் வருவது தெரிந்தாலே அவனுடைய பேனா கீழே விழுந்துவிடும்.

திருமலைசாமிக்குச் சூலூரில் சொந்தத் தறி. அவிநாசி சாலையில் இருக்கும் இந்தப் பழைய கார் ஷோரூமில், 'சர்டிபைடு' என்று ஸ்டிக்கர் ஒட்டிய வண்டி ஒன்றை நம்பி வாங்கினார். வாங்கிய வாரமே அது நடுரோட்டில் நிற்கப் பழகிக்கொண்டது. அன்றிலிருந்து அவரும் வாரம் தவறாமல் இங்கே வந்து நிற்கிறார்.

வாடிக்கையாளரைப் பேசி முடிக்க விடக் கூடாது என்பதுதான் உதயின் தொழில் ரகசியம். "வண்டி நின்னு..." என்று அவர் ஆரம்பித்தால், "ஓட்ட ஓட்டச் சரியாயிருமுங்கண்ணா" என்பான். "எங்க காசு..." என்றால், "மொதல்ல காபி சாப்பிடுங்கண்ணா" என்பான். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொண்டிருந்தது.

அவருடன் வரும் அம்மா நாச்சியம்மாள்தான் வில்லங்கம். போன தடவை, பின்சீட்டுக்கு அடியில் கிடந்த காய்ந்த சேற்றை முந்தானையில் முடிந்து வந்து அவன் மேஜைமேல் கொட்டிவிட்டாள்.

"வெள்ளத்துல முங்குன வண்டியையா எங்க தலையில கட்டுனீங்க?"

உதயின் சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை. "நாங்க ஒரு வார்த்தை பொய் சொல்லலீங்களே அம்மா. தண்ணி பாக்காத வண்டின்னு நாங்க எப்பச் சொன்னமுங்க? நீங்களா அப்படி நெனச்சுக்கிட்டீங்க."

இன்று பேனாவோடு நிமிர்ந்தவன் மொட்டையைப் பார்த்தான். அவருக்குப் பின்னால் பார்த்தான். நாச்சியம்மாளைக் காணவில்லை.

"ஏனுங்கண்ணா... என்னாச்சுங்க?"

"என்னத்தைச் சொல்றதுங்க." திருமலைசாமி மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "முந்தாநேத்து உடுமலை தாண்டிப் போய்ட்டிருந்தமுங்க. உங்க வண்டி பொசுக்குன்னு நடுரோட்டுல நின்னுபோச்சு. அம்மா பின்சீட்டுல இருந்துச்சுங்க. பின்னால ஒரு லாரி..."

"ஐயோ, சொல்லாதீங்கண்ணா!"

"இல்லீங்க, அந்த லாரிக்காரன் என்ன பண்ணுனான்னா..."

"வேண்டாமுங்கண்ணா! எனக்குப் புரியுதுங்க."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். அந்த 'சர்டிபைடு' ஸ்டிக்கரைத் தன் கையாலேயே ஒட்டியவன் அவன். போலீஸ், கோர்ட்டு, பேப்பரில் தன் போட்டோ என்று எல்லாம் கண்முன்னே ஓடின.

துக்கம் கேட்கிறவன் எப்படி, எப்போது என்று குடையக் கூடாது. கையைத் தொட்டுவிட்டுத் தலைகுனிந்து நிற்பதுதான் மரியாதை. மரியாதைக்குப் பேர்போன ஊர்க்காரன் அல்லவா, உதய் எழுந்துபோய் அவருடைய இரண்டு கைகளையும் தொட்டான். கிட்டத்தில் அவர் தலை சந்தனமாக மணத்தது. அவன் கண் கலங்கியது. பயத்தில் வந்த கண்ணீர்தான், ஆனாலும் கண்ணீர்.

திருமலைசாமி அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

உதய் முதலாளியின் அறைக்கு ஓடினான். வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்துப் பழக்கமில்லாத மனிதர் அவர். "போலீஸ் வாரதுக்குள்ள குடுத்துருங்க சார், நம்ம ரெண்டு பேரும் உள்ள போயிருவோம்" என்று உதய் கிசுகிசுத்ததும், ஏசியிலும் அவருக்கு வியர்த்தது. கொஞ்ச நேரத்தில் திருமலைசாமியின் செல்போன் சிணுங்கியது.

"காசு முழுசும் உங்க கணக்குல ஏறிருச்சுங்களாண்ணா?"

"ஏறிருச்சுங்க."

"இதுல ஒரு கையெழுத்துங்க. வண்டியை நாங்களே மனசாரத் திருப்பி எடுத்துக்கிட்டோம்னு எழுதி, மொதலாளியும் போட்டிருக்காரு. பின்னால யாரும் பேச்சு மாறக் கூடாது பாருங்க."

திருமலைசாமி நிதானமாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார். தன் பிரதியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

உதய்க்கு மூச்சு வந்தது. "காரியம் என்னிக்குங்கண்ணா? நானே நேர்ல வாரேனுங்க."

"எந்தக் காரியமுங்க?"

கண்ணாடிக் கதவு மறுபடியும் திறந்தது. முக்காட்டை விலக்கிக்கொண்டு இன்னொரு மொட்டை உள்ளே வந்தது. தலை நிறையச் சந்தனம். சந்தனத்துக்குக் கீழே நாச்சியம்மாளின் முகம்.

"ஏஞ்சாமி, ஆட்டோவுல எத்தனை நேரம் உக்காந்திருக்கறது? பஞ்சாமிர்தம் குடுத்துப்போட்டு வர இவ்வளவு நேரமா?"

உதயின் கையிலிருந்து பேனா நிஜமாகவே விழுந்தது. "அம்மா... நீங்க... அப்ப அந்த லாரி?"

"அந்தப் புண்ணியவான்தானுங்க எங்களைப் பழனி வரைக்கும் ஏத்திட்டுப் போனான்" என்றார் திருமலைசாமி. "வண்டிக் காசு திரும்பி வரட்டும்னு ரெண்டு பேரும் முடி குடுத்துட்டு வந்தமுங்க. அதைத்தான் சொல்ல வந்தேன். நீங்க எங்கீங்க சொல்ல உட்டீங்க?"

"அப்ப என்னை ஏமாத்திட்டீங்களாங்க?"

நாச்சியம்மாள் மகனின் செல்போனைப் பார்த்தாள். மகனின் சட்டைப்பையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். கடைசியில் உதயின் வெளுத்த முகத்தையும் பார்த்தாள். அப்புறம் மஞ்சள் பையிலிருந்த பஞ்சாமிர்த டப்பாவை எடுத்து, அன்றைக்குச் சேறு கொட்டிய அதே இடத்தில் வைத்தாள்.

"நாங்க ஒரு வார்த்தை பொய் சொல்லலீங்களே கண்ணு. நீங்களா அப்படி நெனச்சுக்கிட்டீங்க."