ஏழு மாதத் தடை

"மிஸ்ஸி வாறா! கூடவே பொய்ப்பெட்டிக்காரனும் வாறான்!"

புருசன் ஸாஜித் கேற்றடியிலிருந்து ஓடிவந்து சொன்னதும் ஸப்னா அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டாள். அடுப்பில் சோறு அடிப்பிடிக்கிற மணம் வந்தும் அவள் அசையவில்லை.

"நான் சொல்லல்லயா ஸப்னா? போன கிழமை வந்து, முகம் வெளிறிக் கிடக்கே மகள், என்ன எண்டு கேட்டாவே, அண்டைக்கே மோப்பம் புடிச்சிட்டா. போய்க் கோள் சொல்லிட்டா!"

"மெல்லக் கதைங்க. அவக்குக் கேக்கப் போவுது."

"கேட்டாக் கேக்கட்டும். அவங்கட ஆக்கள் மூணு பெறலாம். நமக்கு ரெண்டுதான். அவக்கென்ன நட்டம்?"

அவன் சொன்னது பொய்யில்லை. இந்த வருசம் வந்த இனச்சமன் சட்டம் அப்படித்தான் சொன்னது. முஸ்லிம் வீட்டுக்கு இரண்டு, தமிழ் வீட்டுக்கு மூன்று, பெரும்பான்மைக்கு எத்தனை வேண்டுமானாலும். படைத்தவன் கொடுக்கிற பிள்ளைக்குப் பங்கு பிரிக்க இவர்கள் யார் என்று கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. மிஞ்சின பிள்ளை வயிற்றில் இருந்தால் அன்றைக்கே வாகனத்தில் ஏற்றிக்கொண்டுபோய்க் கழுவி விடுவார்கள். இனிமேல் பெறாதபடி குழாயையும் கட்டிவிடுவார்கள். பிறந்து அழுதுவிட்ட பிள்ளையை மட்டும் சட்டம் தொடாது.

ஸப்னாவுக்கு ஏற்கனவே இரண்டு. இது மூன்றாவது. இப்போது மூன்று மாசம். புருசனையும் படைத்தவனையும் தவிர ஒருத்தருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள்.

தங்கேஸ்வரி மிஸ்ஸி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பக்கத்துத் தமிழூர் காரைதீவுக்காரி, இந்தத் தெருவுக்கு மருத்துவமாது. இந்தத் தெருப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் அவர் கையால் ஊசி போட்டதுதான். பின்னால் அதிகாரி கிருஷாந்தன். கழுத்தில் டை, கையில் கறுப்புப் பெட்டி. வாயைத் திறந்தால் வானொலிச் செய்தித் தமிழ். கொழும்பான் என்றுதான் தெருவில் அவனுக்குப் பேர்.

"பெயர் ஸப்னா. பிள்ளைகள் இருவர். சரியா?"

"ஓம் சேர்."

பெட்டியில் பச்சை எரிந்தது. பொய் சொன்னால் சிவப்பு எரியும். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது, மூத்திரம் பார்ப்பது எல்லாம் விட்டாச்சு. குரல் ஒன்றே போதுமாம். சொல்கிற பதில் அந்த இடத்திலேயே மேலிடத்துக்குப் போய்விடும்.

"நீங்கள் தற்போது கர்ப்பமாக இருக்கிறீர்களா?"

ஓம் என்றால் பிள்ளை போச்சு. இல்லை என்றால் சிவப்பு, அப்பவும் பிள்ளை போச்சு. யா அல்லாஹ், ஒரு வழியைக் காட்டு!

"சேர், அவ பயந்த புள்ள. இந்தத் தெரு என்ட பொறுப்பு. நான் சொல்றன்," என்றார் மிஸ்ஸி.

"சரி, சொல்லுங்கள்."

"மூணு மாசமா முழுகாம இருக்கா சேர்."

போச்சு! சொல்லிட்டா! முழுகாம இருக்கா என்றால் இந்தக் கரையில் பால்குடிப் பிள்ளைக்கும் விளங்கும், வயிற்றில் பிள்ளை தங்கியிருக்கிறது என்று. ஸாஜித் பல்லைக் கடித்துக்கொண்டு மிஸ்ஸியை நோக்கி ஓரடி வைத்தான். ஸப்னா சுவரைப் பிடித்தபடி அப்படியே குந்திவிட்டாள். ஒங்களுக்கு என்ன செஞ்சன் மிஸ்ஸி? ஒரு நோன்புக்காவது கஞ்சி அனுப்பாம விட்டனா? அவள் நெஞ்சு கிடந்து கத்தியது.

பெட்டியில் பச்சை எரிந்தது. பிறகு அதுவே பேசியது.

"மூன்று மாதங்களாகக் குளிக்கவில்லை. உண்மை."



ஸப்னா தலையை நிமிர்த்தினாள். மிஸ்ஸி இவள் பக்கமே திரும்பாமல் குடைக்கம்பியைச் சரிபண்ணிக்கொண்டு நின்றார். அடி என்ட மிஸ்ஸி! பொய்யும் சொல்லவில்லை, காட்டியும் கொடுக்கவில்லை. புத்தகத்தில் தமிழ் படித்த பெட்டிக்கு நம்மட ஊர்ப் பேச்சு எங்கே விளங்கப் போகுது?

கிருஷாந்தன் லேஞ்சித் துணியை எடுத்து மூக்கைப் பொத்தினான்.

"மூன்று மாதமா? சீ! நீங்களெல்லாம் மனிதர்களா? இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்படியா அழுக்காக இருப்பது?"

ஸாஜித்துக்கு முகம் கறுத்துப்போனது. ஐந்து நேரமும் கைகால் முகம் கழுவி ஒளு எடுத்துத் தொழுகிறவளைப் பார்த்துச் சொல்கிற சொல்லா இது? வாயைத் திறக்கப் போனவனை ஸப்னா கண்ணாலேயே அடக்கினாள்.

அதோடு விட்டானா? ஒரு சிவப்புத் தாளை எடுத்துக் கொட்டை எழுத்தில் எழுதி, ஊர் பார்க்கக் கேற்றில் ஒட்டினான்.

'சுகாதாரக் கேடான வீடு. ஏழு மாதங்களுக்கு எந்த அதிகாரியும் உள்ளே செல்லக் கூடாது.'

தெருவில் ஆட்கள் கூடிச் சிரிக்கத் தொடங்கினார்கள். அவன் பொத்திய மூக்கோடு போய் வாகனத்தில் ஏறிக்கொண்டான்.

வாகனம் மறைந்ததும் ஸாஜித் மிஸ்ஸியின் முன்னால் வந்து நின்றான். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"மிஸ்ஸி, ஒங்களப் பத்திக் கூடாத கதையெல்லாம் கதைச்சிட்டன். மன்னிச்சிக்கங்க."

"கேற்றடிக்கே கேட்டிச்சு தம்பி. விடுங்க."

"ஆனா அந்தக் கொழும்பான மன்னிக்க மாட்டன். ஊரே காறித் துப்பிற மாதிரிச் செஞ்சிட்டுப் போறான். ஒரு மாசமில்ல, ஒரு வருசமில்ல, அதென்ன ஏழு மாசக் கணக்கு?"

மிஸ்ஸி குடையை விரித்தார்.

"ஆரு கொழும்பான்? அவர் இங்க பக்கத்துல, சொறிக்கல்முனையில பொறந்து வளந்த புள்ள. ஏற்கனவே மூணு, அதோட ஏழக் கூட்டிப் பாருங்க தம்பி, பத்து மாசம் வருதா இல்லயா?"