ஏழு முறை மேலே

பயிற்சியாளர் செகிமோத்தோவின் முதுகு வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. அதற்கடியில் கையைக் கொடுத்ததுமே இசோகாய்க்குக் குமட்டியது.

பேஸ்பால் லீக்கின் வெற்றிக் கொடியை ஜெயித்த அணி, வழக்கப்படி தன் பயிற்சியாளரை மல்லாக்கச் சாய்த்து வானத்துக்குத் தூக்கிப் போட வேண்டும். அவருடைய சட்டை எண் ஏழு. ஆகவே ஏழு முறை.

இசோகாய் அணியின் கேட்சர்; பிட்சர் எறிகிற பந்தைப் பிடிக்கிறவன். கடைசிப் பந்தைப் பிடித்ததே அவன்தான். இத்தனை காமிராக்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவன் ஒதுங்கி நிற்க முடியுமா?

"ஒண்ணு!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

கிழவர் மேலே போனார். சட்டை விலகி வயிறு பிதுங்கியது. வாயைப் பிளந்து அழுதுகொண்டே கீழே வந்தார். எச்சிலோ கண்ணீரோ, ஒரு சொட்டு இசோகாயின் உதட்டில் விழுந்தது. த்தூ என்று துப்பினான். யாரும் கவனிக்கவில்லை.

இருபத்தாறு வருஷத்துக்கு அப்புறம் கிடைத்த கொடி. அதுவும் ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில். நாற்பதாயிரம் பேர் நின்றுகொண்டு தேம்பினார்கள். நாளைக்கு ஊரில் உள்ள கடைகளெல்லாம் பாதி விலைக்கு விற்கும். ரயிலடி வாசலில் அரிசிச் சாராயப் பீப்பாயை உடைத்து ஊற்றுவார்கள்.

இசோகாய்க்கு எல்லாமே நாறியது.

"ரெண்டு! மூணு!"

வட்டத்துக்கு வெளியே நுமாதா தனியாக நின்றான். இருபத்துமூன்று வயது. வலது கை கழுத்துத் துணியில் தொங்கியது. டாக்டர்கள் இரண்டு முறை அறுத்துத் தைத்த முழங்கை. இனி அவன் பந்து எறியப் போவதில்லை. சாப்பாட்டுக் குச்சியைப் பிடித்தாலே பெரிது.

ஜூலை வரைக்கும் இந்த அணியின் முதல் பிட்சர் அவன்தான். அந்த மாதம் ஓர் ஆட்டத்தில், மொத்தம் ஒன்பது இன்னிங்ஸில் ஏழு எறிந்து ஓய்ந்தவனை மிச்சம் இரண்டும் எறிய வைத்தார்கள். கடைசிப் பந்தோடு முழங்கையில் எதுவோ அறுந்தது. ஆட்டத்தை ஜெயித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இசோகாய்தான் பக்கத்திலேயே இருந்தான். ஆப்பிள் தோல் சீவிக் கொடுத்தான். தலையணையைச் சரிசெய்தான்.

"நான் தலை குனிஞ்சு கெஞ்சினேன்டா, இவனை மாத்துங்க, கை போயிடும்னு. அந்தக் கிழவன் காதுலயே போட்டுக்கல."

எத்தனை முறை சொல்லியிருப்பான்! சொல்லச் சொல்ல, அந்தக் காட்சி அவன் கண் முன்னாலேயே ஓட ஆரம்பித்துவிட்டது.

ஒரு நாள் செகிமோத்தோ, மரப்பெட்டியில் விலையுயர்ந்த முலாம்பழத்தோடு வந்தார். நுமாதா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கிழவர் பெட்டியை வைத்துவிட்டு, வாசலிலேயே வெகுநேரம் குனிந்து நின்றுவிட்டுப் போனார். பழத்தை யாரும் தொடவில்லை. அழுகி ஒழுகிய பிறகு இசோகாய்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே கொண்டுபோய்ப் போட்டான்.

நடிப்பு, என்று அப்போது நினைத்தான். இப்போதும் அதையேதான் நினைத்தான். ஒரு பையனின் கையைத் தின்று ஏப்பம் விட்டுவிட்டு அழுகிறது பார் கிழம்.

"ஆறு! ஏழு!"

கீழே இறக்கினார்கள். செகிமோத்தோ தள்ளாடி வந்து இசோகாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். ஈரக் கன்னம் அவன் கன்னத்தில் ஒட்டியது. உடம்பெல்லாம் கூசியது அவனுக்கு.

அதற்குள் யாரோ நுமாதாவை வட்டத்துக்குள் இழுத்து வந்திருந்தார்கள். கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவனைப் பார்க்கவில்லை.

"என்னை எதுக்குடா தூக்கறீங்க? இவனைத் தூக்குங்க!" என்று இசோகாயின் நெஞ்சில் தட்டினார். "ஜூலை மாச ஆட்டத்துல, எட்டாவது இன்னிங்ஸுக்கு முன்னாடி நான் நுமாதாவை மாத்தத்தான் எழுந்தேன். இவன் குறுக்க வந்து நின்னுட்டான். பந்து கல்லு மாதிரி வருது, அவனை மாத்தாதீங்க ஐயான்னான். அன்னிக்குத் தோத்திருந்தா ஏதுடா கொடி!"

பையன்கள் ஓவென்று கத்தினார்கள். நாலைந்து பேர் இசோகாயின் இடுப்பைப் பிடித்தார்கள்.

நுமாதா தொப்பியைக் கழற்றினான். கிழவருக்கு முன்னால் போய் இடுப்பு வரை குனிந்தான்.

"மூணு மாசமா உங்க முகத்தைப் பாக்காம இருந்துட்டேன். மன்னிச்சிடுங்க ஐயா."

செகிமோத்தோ விழித்தார். எதற்கு மன்னிப்பு என்று அவருக்கு விளங்கவே இல்லை.

நுமாதா நிமிர்ந்தான். இசோகாயிடம் வந்தான். முகத்தில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் இசோகாய் தாங்கியிருப்பான்.

"அண்ணே, அன்னிக்கு என் பந்து எப்படி வந்துச்சு?"

பந்து கல்லாக வரவில்லை. ஐந்தாவது இன்னிங்ஸிலிருந்தே, நனைந்த துணி மாதிரி கையுறையில் பொத்தென்று விழுந்துகொண்டிருந்தது. பார்ப்பவர்களுக்குத் தெரியாது. எறிகிறவனுக்கே சரியாகத் தெரியாது. பிடிக்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும்.

இசோகாய் வாயைத் திறப்பதற்குள் இருபது கைகள் அவனை அள்ளி மேலே வீசின.

அப்பாடா, என்றிருந்தது அவனுக்கு.