ஜெபம் பண்ணின களிம்பு

"கடவுள் ரெண்டு குடுத்தார், ஒண்ணை எடுத்துக்கிட்டார். 'எடுத்ததைத் திருப்பி வை'ன்னு அவர்கிட்டப் போய்க் கேக்கறதுக்கு இவ யாரு?"

சர்ச் மாதர் சங்கத் தலைவி பொக்குவா, ஞாயிறு கூட்டத்தில் பேர் சொல்லாமல்தான் பேசினாள். ஆனால் கண் என்னவோ மூன்றாவது வரிசையில் இருந்த தம்பி மனைவி செர்வாவின் மேலேயே இருந்தது. அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பேரையே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"தோல்ங்கறது கடவுள் போட்டு அனுப்பின சட்டை. அதை இழுத்து, தெச்சு, அழகு பாக்கறது பாவம்!"

"ஆமென்!" என்றது கூட்டம்.

பொக்குவாவுக்கு அறுபது வயது. முகம் மட்டும் பழுத்த பப்பாளி மாதிரி பளபளக்கும். கேட்டால், "உபவாசம்மா, உபவாசம்" என்பாள். கொளுத்துகிற கானா நாட்டுக் குமாசி வெயிலிலும் கைகளில் வெள்ளை லேஸ் கையுறை. தலைவி என்றால் ஒரு கெத்து வேண்டாமா!

செர்வா பள்ளி ஆசிரியை. இரண்டு வருடம் முன்பு புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போவாள். கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் சுருட்டு நழுவும். பின்னால் நாற்பது பிள்ளைகள் சிரிக்கும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, புது மார்பு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

தோலுக்கு அடியில் ஒரு சின்னப் பை வைத்திருந்தார்கள். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ஊசியால் அதில் உப்புநீர் ஏற்றி, தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்தாகிவிட்டது. இனி பையை எடுத்துவிட்டு நிரந்தரமானதை வைக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த ஆபரேஷனைச் செய்கிற டாக்டரம்மா தலைநகர் அக்ராவிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். போன முறை தோல் சிவந்து தடித்திருந்ததால் தேதி தள்ளிப்போனது. இந்த முறையும் தள்ளிப்போய்விடுமோ என்று செர்வாவுக்கு ஒரே பயம்.

"தள்ளிப்போனா என்ன குடி முழுகிடும்?" என்றாள் பொக்குவா, அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து. "செத்துப்போன எங்கப்பாவே, அடக்கத்துக்கு வர்ற ஊருக்காக வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சு முடியலேன்னு நாலு மாசமா பிணவறையில காத்துக்கிட்டிருக்கார். உனக்கு அவசரமா?"

சொல்லிக்கொண்டே ஒரு டப்பாவை நீட்டினாள்.

"இந்தா. மூணு நாள் உபவாசமிருந்து ஜெபம் பண்ணின களிம்பு. காலையும் சாயந்திரமும் பூசு. யார்கிட்டயும் மூச்சு விடாதே."

கணவனின் அக்கா கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எந்த மருமகளுக்கு உண்டு? செர்வா பூசினாள். நாலே நாளில் சிவப்பு மறைந்தது. ஜெபத்தின் மகிமை என்று அவளே நம்பிவிட்டாள்.

ஆறு வாரம் கழித்து டாக்டரம்மா வந்தார். துணைக்குப் பொக்குவாவும் கூடவே போனாள். போகாவிட்டால் ஊர் ஏதாவது சொல்லுமே.

டாக்டரம்மா தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது.

"வெங்காயத் தோல் மாதிரி ஆயிடுச்சேம்மா! நரம்பெல்லாம் தெரியுது. இந்த இடம் மட்டும் வெளுத்திருக்கு. என்ன பூசினே?"

செர்வா கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். டாக்டரம்மா திறந்து மோந்து பார்த்தார்.

"தோலை வெளுக்க வைக்கிற க்ரீம். ஸ்டீராய்டு கலந்தது. சிவப்பை மறைச்சுட்டு தோலைத் தின்னுடும். நாளைக்கு ஆபரேஷன் கிடையாது. நான் அடுத்த தடவை வரவரைக்கும் தோல் தேறட்டும். இன்னும் கொஞ்ச நாள் பூசியிருந்தா, பை தோலைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்திருக்கும். அப்புறம் புது மார்பை மறந்துட வேண்டியதுதான்."

செர்வாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இன்னும் மூன்று மாதம் துணிச் சுருட்டு. இன்னும் மூன்று மாதம் அந்தச் சிரிப்பு.

"இதை யார் குடுத்தது?"

பொக்குவா சுவரில் தொங்கிய காலண்டரை ரொம்ப அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தாள்.

"சந்தையில... கூடைக்காரி ஒருத்திகிட்ட வாங்கினேன் டாக்டர்" என்றாள் செர்வா.

"படிச்சவதானே நீ? பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்றவதானே? முதல்ல இதைக் கொண்டுபோய்க் குப்பையில போடு!"

திட்டு முழுவதையும் செர்வா ஒருத்தியே வாங்கிக்கொண்டு, டப்பாவோடு வெளியே வந்தாள்.

வராந்தாவில் பொக்குவா உடைந்துபோனாள். கண்ணைத் துடைக்கக் கையுறையைக் கழற்றினாள். செர்வா அந்தக் கைகளை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள். முகம்தான் பப்பாளி. விரல் கணுக்கள் எல்லாம் கன்னங்கரேலென்று, எந்தக் களிம்புக்கும் மசியாமல் இருந்தன.

"ஊருக்கு ஆயிரம் சொல்லுவேண்டி. ஆனா தேதிக்குள்ள உனக்கு ஆறிடணும்னுதான் நான் பூசற டப்பாவையே தூக்கிக் குடுத்தேன். சத்தியமா!"

அது பொய்யில்லை என்று செர்வாவுக்குப் புரிந்தது. கோபம் பாதி இறங்கிவிட்டது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கக்கா. டாக்டர் சொன்னதைக் கேட்டீங்கல்ல? நீங்களும் இனிமே இதைத் தொடக் கூடாது."

"தொடவே மாட்டேன். தொட்டா என்னை ஏன்னு கேளு!"

பொக்குவா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கையுறையை மறுபடி மாட்டினாள். வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அடுத்த மாசம் அப்பாவோட அடக்கம் இருக்கில்ல... ஊரே வந்து போட்டோ எடுக்கும். அது மட்டும் முடியட்டும், நிறுத்திடறேன். அதுவரைக்கும் அந்த டப்பாவைக் குப்பையில போட்டுடாதே, இப்படிக் குடு."