முன்பக்க லிஃப்ட்

அந்த அடுக்குமாடியின் லிஃப்டுகளுக்குப் பொத்தான் கிடையாது. முகத்தைப் பார்த்தே வந்த ஆள் யார், என்ன வேலையாக வருகிறார் என்று தெரிந்துகொண்டு கதவைத் திறக்கும். வீட்டு வேலைக்காரர்களுக்குப் பின்பக்க லிஃப்ட். பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளையானாலும் முன்பக்கம்தான்.

பதினாலாம் மாடி ஆத்யாவோடு சேர்ந்து படிக்கத் தன் பிள்ளைகள் இருவரும் முன்பக்கம் ஏறுவதை, அந்த வீட்டில் வேலை செய்யும் லூர்து நின்று பார்ப்பாள். அதன் பிறகுதான் பின்பக்கம் போவாள்.

முதுகுவலி தீர்ந்து இன்றுதான் வேலைக்கு வந்திருந்தாள். ஆத்யா ஏறினாள். மகன் ஜோவின் ஏறினான். மகள் பிரின்சி காலை எடுத்து வைத்ததும், “பணியாளர்கள் பின்பக்கம் செல்லவும்” என்றது லிஃப்ட்.

“நான் படிக்க வந்திருக்கேன்” என்று பிரின்சி பையைத் திறந்து, புத்தகங்களைக் கேமராவுக்குக் காட்டினாள்.

“நீ அதுல வந்துடு பிரின்சி, நாங்க மேல வெயிட் பண்றோம்” என்றாள் ஆத்யா. கதவு மூடிக்கொண்டது.

“என்னைப் போய் பணியாளர்ங்குது. ரிப்பேராம்மா?”

லூர்து கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். தான் படுத்துக் கிடந்த பத்து நாளும் வீடு பெருக்கித் துடைக்கப் பன்னிரண்டு வயது பிரின்சியைத்தான் பின்பக்க லிஃப்டில் அனுப்பியிருந்தாள். மூத்தவன் ஜோவின் வீட்டில் சும்மாதான் இருந்தான். அவனை அனுப்பலாம் என்று ஒரு நாள்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

“ஆமாண்டி, ரிப்பேர்தான்” என்று மகளின் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போனாள்.

லூர்து தன் முகத்தைக் காட்டுவதற்கு முன்பே, பிரின்சியைப் பார்த்து அந்தக் கதவு திறந்துகொண்டது.