நினைத்தே கொன்ற சேவல்

இந்தக் கதையில் சிரிப்பு நிச்சயம் உண்டு. ஆனால் கொஞ்சம் பொறுங்கள், முதலில் சேவல் அழுது முடிக்கட்டும்.

“கீரி அண்ணே, நான் கொலைகாரன்! தினமும் விடியும்போது என் வாய் கொக்கரக்கோன்னு கூவும். மனசு மட்டும் பக்கத்து வீட்டுச் சேவலைக் கொன்னுடணும்னு கூவும். இன்னிக்கு அவன் சத்தமே இல்ல. கூட்டுல இறகுதான் கிடக்கு!”

கீரிக்கு ஒரே ஆச்சரியம். “நினைச்சே கொன்னுட்டியா? எப்படித் தம்பி நினைச்ச?”

“கழுத்தைக் கொத்துற மாதிரி. நீங்க அப்படி நினைச்சதே இல்லையா?”

“சத்தியமா இல்ல. எனக்கு யார் மேலயும் கோபமே வராது. பசிச்சா கிளம்புவேன், அவ்வளவுதான். நேத்துகூட உன் பக்கத்து வீட்டுக்குத்தான் போயிருந்தேன்.”

சேவலின் அழுகை நின்றது. மெதுவாக இரண்டு எட்டு பின்வாங்கியது.

“அண்ணே, இப்ப உங்களுக்குப் பசிக்குதா?”